பச்சைச் சீட்டு

பாரூர்
27.1.2025

அன்புத் தம்பி தமிழரசனுக்கு,

அக்கா மணிமேகலை எழுதுகிறேன். நானும் பாப்பாவும் சுகம். உங்க மாமா இருக்கிறபடிக்கு இருக்கிறார். ரேவதி எப்படி இருக்கிறாள்? குழந்தைக்குச் சளி விட்டதா?

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று யோசிப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன். அது உங்க மாமா தலைமாட்டில் கிடக்கிறது. டயாலிசிஸ் ஆரம்பித்த நாளிலிருந்து, யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. நீயும் பதிலை வீட்டுக்குப் போடாதே. பள்ளிக்கூட முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். சத்துணவு அமைப்பாளர் என்று போட்டால் நேராக என் கைக்கு வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு நீ வந்து போனதிலிருந்து மனுஷன் ஒரே பாட்டாகப் பாடுகிறார். "உன் கிட்னி எனக்கு வேணாம். தமிழு கம்பெனியில கிட்னியே செய்றாங்க. ரெண்டு வருஷத்துல வந்துரும். அதுவரைக்கும் மெஷின்ல ஓட்டிக்கலாம்." செவ்வாயும் வெள்ளியும் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறி, நாலு மணி நேரம் ஊசியோடு படுத்து, வீட்டுக்கு வந்து சுருண்டு கிடக்கிறவர் பேசுகிற பேச்சா இது? நீங்கள் இரண்டு பேரும் கரும்புக் கொல்லை வரப்பில் அரை மணி நேரம் நின்று பேசினீர்கள். நான் பக்கத்தில் வந்ததும் மழையைப் பற்றிப் பேசினீர்கள். தை மாதத்தில் என்ன மழை? அவரிடம் என்ன சொன்னாய்?

எட்டாம் தேதி பெங்களூரில் எனக்கும் அவருக்கும் பொருத்தம் பார்க்க ரத்தம் எடுத்தார்களே, ரெண்டு வாரத்தில் ரிப்போர்ட் என்றார்கள். நீ இருக்கிற ஓசூர் பெங்களூருக்குப் பக்கம் என்பதால் உன் நம்பரைத்தான் கொடுத்தோம். வந்ததா? அவருக்கு ஓ குரூப், எனக்கும் ஓ. உனக்கு பி, அது சேராது. பாப்பா பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை. ஆக, அவருக்கு இருப்பது நான் ஒருத்திதான்.

இன்னொன்று. நம் ஊர் நாராயணம்மா மகன் உங்கள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் டெம்போ ஓட்டுகிறான் அல்லவா? உங்கள் கம்பெனிக்கு ஐஸ் பெட்டியில் கிட்னி வருகிறது, என் கண்ணால் பார்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்கிறான். யாருடைய கிட்னி, தமிழு? மறைக்காமல் எழுது.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
அக்கா


மூக்கண்டப்பள்ளி
9.2.2025

அன்பு அக்காவுக்கு,

தமிழு வணக்கம். நாங்கள் மூவரும் நலம். குழந்தைக்குச் சளி போய் இப்போது இருமல். மாமா உப்பைக் குறைத்தாரா? தண்ணீர் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்து.

நாராயணம்மா மகன் பார்த்தது பன்றிக் கிட்னி. கர்நாடகா பக்கம் பண்ணையிலிருந்து வருகிறது, ரசீதோடு. பன்றிக் கிட்னியும் மனுஷன் கிட்னியும் ஏறக்குறைய ஒரே அளவு. அதன் ரத்தக்குழாயில் பம்பை மாட்டி, ஷாம்பூவில் நுரைக்காகப் போடுகிற மருந்தைத் தண்ணீரில் கலந்து உள்ளே ஓட விடுவோம். முதல் நாள் சிவப்பாகக் கழுவிக்கொண்டு வரும். மறுநாள் இளஞ்சிவப்பு. மூன்றாம் நாள் வெள்ளை. பன்றியுடைய செல் ஒன்றும் மிஞ்சாது, கிட்னியின் கூடு மட்டும் நிற்கும். குழாய், வடிகட்டி எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். அந்தக் கூட்டில் மனுஷ செல்லை விட்டு வளர்க்கப் பார்க்கிறார்கள். எங்கள் ரஞ்சிதா மேடம்தான் தலைமை.

என் வேலை பழைய வேலைதான். ரேடியேட்டர் கம்பெனியில் காற்றை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்தேன். இங்கே வெள்ளைக் கிட்னிக்குள் நீல மை கலந்த தண்ணீரை ஓட்டி, எங்கே கசிகிறது என்று பார்க்கிறேன். கசிந்தால் சிவப்புச் சீட்டு, நின்றால் பச்சைச் சீட்டு. கட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். பம்பின் அழுத்தம் கூடினால் ஓரம் பிய்ந்துவிடும், குறைந்தால் உள் குழாய்க்கு மை போகாது. புது பம்பு ஒன்று ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிறது. நல்ல பம்பு.

ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. வந்தால் சொல்கிறேன். நீ அலட்டிக்கொள்ளாதே. மாமாவுக்குத் தெம்பாக நாலு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான்.

அன்புடன்
தமிழு


பாரூர்
16.2.2025

தம்பிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. எல்லோரும் சுகமாக இருக்க ஆண்டவன் துணை. இருமலுக்குக் கற்பூரவல்லி கொடுக்கச் சொல் ரேவதியை.

பன்றி என்று படித்ததும் ஒரு நிமிஷம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பிறகு யோசித்தேன், உயிர் போகிறவனுக்குப் பன்றி என்ன, பசு என்ன. அது கிடக்கட்டும். நான் கேட்டது ரிப்போர்ட்டைப் பற்றி. நீ ஒன்றரைப் பக்கம் பம்பைப் பற்றி எழுதிவிட்டு, ரிப்போர்ட்டுக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறாய். சின்ன வயசில் என் ஜியாமெட்ரி பாக்ஸைத் தொலைத்துவிட்டு, சைக்கிள் செயின் எப்படிக் கழன்றது என்று அரை மணி நேரம் விளக்கம் சொன்னவன் நீ. உனக்கு மெஷின் பேச்சு எப்போது வருமென்று எனக்குத் தெரியும்.

நான் பள்ளிக்கூடத்துக்கு முட்டை வாங்குகிறவள். வண்டிக்காரன் எல்லாம் நல்ல முட்டை என்றுதான் சொல்வான். ஒவ்வொரு தட்டிலும் நாலு முட்டையை எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். மிதந்தால் தட்டையே திருப்பி அனுப்புவேன். உன் கடிதத்தைப் படிக்கும்போது ஒரு முட்டை மிதக்கிற மாதிரி இருக்கிறது.

கேட்கிறதைக் கேட்டுவிடுகிறேன். பொங்கலன்று மாமாவுடைய ஆஸ்பத்திரி பைலை ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்தாய். எதற்கு? உங்கள் கம்பெனிக்கு வைத்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், அதற்கு உன் மாமாவைப் பேசி முடித்திருக்கிறாயா? இல்லை, எங்கள் விஷயத்தில் தலையிடாதே என்று ரேவதி ஏதாவது சொன்னாளா? அவளைக் குறை சொல்லவில்லை, கேட்கிறேன்.

ரத்தம் எடுத்து ஐந்தரை வாரம் ஆகிறது. ஆஸ்பத்திரிக்கு நீயே நேரில் போய்க் கேள். போனதும் எழுது.

அக்கா


மூக்கண்டப்பள்ளி
20.3.2025

அன்பு அக்காவுக்கு,

பதில் தாமதம். மன்னித்துக்கொள். ஆடிட் இருந்தது, நைட் ஷிப்ட் வேறு. உங்கள் எல்லோருக்கும் உடம்பு தேவலையா?

மாமாவை நான் எதற்கும் பேசி முடிக்கவில்லை. பைலைப் போட்டோ எடுத்தது எங்கள் மேடத்திடம் காட்டத்தான். ரேவதிக்கு இதில் ஒன்றும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். லேபில் ஏதோ மெஷின் பழுதாம். திரும்ப எடுக்க வேண்டி வந்தாலும் வரும் என்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி, கூட்டம், நம்மை மாதிரி எத்தனையோ பேர்.

அக்கா, ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. மாமாவே வேண்டாம் என்கிறபோது நீ ஏன் இத்தனை அவசரப்படுகிறாய்? மெஷினில் பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அம்மா இறந்த ஆவணி மாதம் எனக்குப் பதினோரு வயசு. அதற்குப் பிறகு எனக்குச் சோறு போட்டவள் நீ. உன் உடம்பையும் கொஞ்சம் பார்த்துக்கொள்.

தமிழு


கிருஷ்ணகிரி
28.3.2025

தம்பிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். சுகம் விசாரிக்க எனக்கு இப்போது தெம்பு இல்லை.

நேற்று விடியற்காலை உங்க மாமாவுக்கு மூச்சு முட்டிவிட்டது. படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை, வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டது என்றார்கள். ஆம்புலன்ஸில் வந்து அவசரமாக டயாலிசிஸ் போட்டுத் தண்ணீரை எடுத்தார்கள். இப்போது பரவாயில்லை. இருதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அதோடு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஜனவரியிலயே டோனர் ரெடின்னு சொன்னீங்களேம்மா, ஏன் இன்னும் உக்காந்திருக்கீங்க?"

பதில் உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்தால் எழுது.

மணிமேகலை


பாரூர்
14.4.2025

தமிழரசனுக்கு,

இன்று வருஷப் பிறப்பு. எல்லோரும் நன்றாக இருங்கள். பதினேழு நாளாக உன்னிடமிருந்து பதில் இல்லை. மாமா போனில் பேசினாயாம், என்னைப் பற்றி விசாரித்தாயாம். நான் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

போன வியாழக்கிழமை ஓசூர் வந்தேன். வியாழன் உனக்கு வார விடுமுறை என்பதால்தான் வியாழன் வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. நேராக உன் கம்பெனி வாசலில் போய் நின்றேன். காவலாளி கன்னடத்தில் "யாரு பேக்கம்மா?" என்றான். தமிழரசனுடைய அக்கா, ரஞ்சிதா மேடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். பையைச் சோதித்தான். அதில் உனக்கென்று செய்த எள்ளுருண்டை இருந்தது. அதை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டு போனேன். இருட்டு அறை, கத்தி, கட்டிப் போட்ட ஆட்கள். அந்த ரஞ்சிதாவைப் பார்த்தால் நம் பள்ளிக்கூடத்து சயின்ஸ் டீச்சர் மாதிரி இருக்கிறாள், தலையில் நாலு நரை. உட்கார வைத்து மோர் கொடுத்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அந்த வெள்ளைக் கிட்னியைப் பார்த்தேன். இளநீர் வழுக்கை மாதிரி இருந்தது, கண்ணாடிக் குடுவைக்குள் மிதந்தது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

எப்போது மனுஷனுக்கு வைப்பீர்கள் என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "அக்கா, உண்மையைச் சொல்லிடறேன். தண்ணி விட்டா நிக்குது. ரத்தம் விட்டா பத்தே நிமிஷத்துல உள்ள உறைஞ்சு அடைச்சுக்குது. குழாய்க்கு உள்பக்கம் செல் பிடிக்கணும், அது இன்னும் சரியா வரல. பத்து வருஷத்துக்குள்ள ஆகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வீட்ல ஆள் கொடுக்கத் தயாரா இருந்தா ஒரு நாளும் தள்ளிப் போடாதீங்க. இதைத் தமிழரசன்கிட்டயும் சொன்னேனே, மாமா பைலைக் காட்டினப்ப." உன்னைப் பற்றியும் சொன்னாள். "எங்ககிட்ட சிவப்புச் சீட்டு அதிகமாக் கட்டற ஆளு அவர்தான். அவர் கண்ணுக்கு ஒரு சொட்டு தப்பாது."

அங்கிருந்து பெங்களூர் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி கவுண்டரில் மெஷின் பழுதா என்று கேட்டேன். எந்த மெஷின் என்றாள் அந்தப் பெண். நோட்டைத் திருப்பிக் காட்டினாள். ரிப்போர்ட் ஜனவரி 24 அன்று கொடுக்கப்பட்டது. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் ஜ. தமிழரசன். உன் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? 'ழ'வுக்கு வால் போட நான்தான் கை பிடித்துப் பழக்கினேன்.

நான் உனக்கு முதல் கடிதம் போட்ட அன்று, ரிப்போர்ட் உன் வீட்டில் மூன்று நாளாக இருந்திருக்கிறது. கம்பெனிக்காரர்கள் மேல் சந்தேகப்பட்டேன், ரேவதி மேல் சந்தேகப்பட்டேன், டெம்போக்காரன் சொன்னதையெல்லாம் நம்பினேன். உன்னைக் கடைசியாகத்தான் நினைத்தேன். மார்பில் மிதித்த மாதிரி இருக்கிறது, தமிழு.

அந்த உறையை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு.

மணிமேகலை


மூக்கண்டப்பள்ளி
11.5.2025

அக்காவுக்கு,

இதோடு உறையை வைத்திருக்கிறேன். பிரித்தது நான்தான். சேருகிறது என்றுதான் எழுதியிருக்கிறது. நீ கொடுக்கலாம்.

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

பொங்கலன்று வரப்பில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரிப்போர்ட் சேந்தாலும் சேரலன்னு சொல்லிரு. உங்கக்காளை அறுக்க வுட மாட்டேன். ரெண்டு வருஷத்துல உங்க கம்பெனி கிட்னி வந்துருமுன்னு நானே அவகிட்ட சொல்லிக்கறேன், நீ ஆமான்னு மட்டும் சொல்லு" என்றார். சேரவில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் வரவில்லை என்று எழுதினேன். வாங்கி வந்த அன்றே, நீ பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, போனில் மாமாவிடம் சொன்னேன், சேருகிறது என்று. கிழித்துப் போடு என்றார். கிழிக்கவில்லை. குழந்தையின் தடுப்பூசிக் கார்டோடு வைத்திருந்தேன்.

மாமா சொன்னதால் மட்டும் செய்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. அம்மாவைக் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, ஸ்ட்ரெச்சரிலிருந்து கையை நீட்டி என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். சின்ன ஆபரேஷன்தான் என்றார்கள். அப்புறம் அவளைத் துணியில் சுற்றித்தான் பார்த்தோம். உன்னை அந்தக் கதவுக்குள் அனுப்ப என்னால் முடியாது அக்கா. மாமா மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் உங்கள் இரண்டு பேரில் ஒருவர் என்று வந்தால் நான் யாரைச் சொல்வேன் என்று உனக்குத் தெரியும்.

கம்பெனியில் ஒவ்வொரு வெள்ளைக் கிட்னியிலும் ரத்தம் விடும்போது, இது நிற்கட்டும், இது நிற்கட்டும் என்று வேண்டிக்கொள்வேன். நின்றால் நான் சொன்னது பொய்யாகாதே. ஒன்றும் நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் சிவப்புச் சீட்டு கட்டினேன். வீட்டுக்கு வந்து உனக்குப் பச்சைச் சீட்டு எழுதினேன்.

மார்ச் மாதம் மாமாவுக்கு மூச்சு முட்டியது என் கணக்கில்தான். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

தமிழு


பாரூர்
19.5.2025

தம்பிக்கு,

உறை வந்தது. இந்தத் தடவை நீ மெஷினைப் பற்றி அதிகம் எழுதவில்லை, அதனால் நம்புகிறேன்.

அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டு, தட்டுக்குப் பக்கத்தில் ரிப்போர்ட்டை வைத்தேன். பார்த்தார். சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். நாலாம் நாள் நானே ஆரம்பித்தேன். என்னைக் காப்பாற்றச் சொல்லி உங்களிடம் மனு கொடுத்தேனா என்று கேட்டேன். இருபத்திரண்டு வருஷமாக உங்களுக்குச் சோறு வடிக்கிறேன், எனக்கு எது முடியும், எது முடியாது என்று என்னைக் கேட்கத் தோன்றவில்லையா என்றேன். பாப்பா உள்ளே இருந்தாள், கேட்டிருப்பாள், கேட்கட்டும்.

உன்னையும் அதையேதான் கேட்கிறேன். அம்மாவை அந்தக் கதவுக்குள் அனுப்பியது நீ மட்டும் இல்லை. கையெழுத்துப் போட்டவள் நான். எனக்கு இருபது வயசு. ஒவ்வொரு ஆவணியும் அதை நினைக்கிறேன். எனக்குப் பயம் இல்லை என்று எப்போது சொன்னேன்? பயம் இருக்கிறது. அதோடுதான் பெங்களூர் போய் கையை நீட்டினேன். நீங்கள் இரண்டு ஆம்பிளைகளும் வரப்பில் நின்று என் உடம்பைப் பங்கு போட்டுப் பேசியிருக்கிறீர்கள், ஏதோ எங்கள் வீட்டு எருமை மாதிரி. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அவர் கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். "தமிழுக்கு நானே எழுதறேன்." கல்யாணத்துக்குப் பிறகு அவர் பேனாவைப் பிடித்து நான் பார்த்ததில்லை. வந்தால் பத்திரமாக வை.

அக்கா


பாரூர்
2.6.2025

மைத்துனர் தமிழரசனுக்கு,

கரியப்பன் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும் என்று உங்கக்கா சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

பொங்கலன்று உன்னை ஒன்று கேட்டேன், ஞாபகம் இருக்கும். அந்த வெள்ளைக் கிட்னி நிற்குதா என்றேன். தண்ணீர் விட்டால் நிற்குது மாமா என்றாய். நான் ஏரித் தண்ணீர் பாய்ச்சுகிறவன். மடை நிற்குமா என்றால், தெரிந்தவன் நிற்கும் என்று சொல்வான், இல்லை நிற்காது என்பான். தண்ணீர் விட்டால் என்று இழுத்தாய் பார், அப்போதே தெரிந்துவிட்டது, ரத்தம் விட்டால் நிற்காது என்று. உன் கம்பெனிக் கிட்னியை நான் ஒரு நாளும் நம்பவில்லை. அவள் நம்பினால் போதும் என்று இருந்தேன். அவள் நம்புகிற ஆளா? அதை யோசிக்காமல் விட்டது என் தப்பு.

உன்னைப் பொய் சொல்ல வைத்தவன் நான். அவள் உன்னைத் திட்டின திட்டில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

மார்ச் மாதம் மூச்சு முட்டினபோது, அவள் என் முதுகைத் தாங்கிக்கொண்டு ஆம்புலன்ஸில் உட்கார்ந்திருந்தாள். என் ஒவ்வொரு மூச்சுக்கும் அவளும் சேர்ந்து மூச்சை இழுத்தாள். இவளை முழுசாக விட்டுவிட்டுப் போகிறோம் என்று நினைத்தேனே, முழுசாக எங்கே விட்டேன் என்று அப்போது தோன்றினது. அதை அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். நீயும் சொல்லிவிடாதே.

சரி என்று சொல்லிவிட்டேன். டாக்டர் முதலில் இருதயத்துக்கு மருந்து சாப்பிட்டுத் தேற வேண்டும் என்கிறார். தேறுகிறதா பார்ப்போம். குழந்தையைக் கேட்டதாகச் சொல்.

கரியப்பன்


பாரூர்
24.8.2025

தம்பிக்கு,

நாங்கள் சுகம். ரேவதிக்கும் குழந்தைக்கும் என் அன்பைச் சொல். ஜூனில் உங்க மாமா உனக்கு எழுதியது என்ன என்று கேட்டால் இரண்டு பேருமே வாயைத் திறப்பதில்லை. திரும்பவும் ஒரு ரகசியம். சரி, இதை விட்டுவிடுகிறேன்.

இருதயம் தேறியிருக்கிறது, இது போதும் என்றார்கள். எங்களுக்குத் திரும்பவும் ரத்தம் எடுத்தார்கள், சேருகிறது. கிட்னி கொடுக்க அனுமதி தருகிற கமிட்டியில் என்னைத் தனியாக உட்கார வைத்து, யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார்கள். கொடுக்கக் கூடாது என்றுதான் வற்புறுத்தினார்கள் என்றேன். அந்த டாக்டர் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

செப்டம்பர் 17 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். நீ ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா. உள்ளே போன் விட மாட்டார்களாம். வெளியே உட்கார்ந்திருக்கிற ஆளிடம்தான் பேப்பர் எல்லாம் கொடுப்பார்கள். உன் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேறு யாரையாவது போடட்டுமா என்று உங்க மாமா கேட்டார். வேண்டாம், அவனே இருக்கட்டும் என்றேன்.

ஒரே ஒரு நிபந்தனை. எந்த உறை வந்தாலும் பிரிக்காமல் என் கைக்கு அனுப்பு. நல்லதோ கெட்டதோ முதலில் நான் பார்க்கிறேன்.

அக்கா


பெங்களூர் ஆஸ்பத்திரி
வெளி ஹால்
18.9.2025

அக்கா,

நர்ஸம்மா கையில் இந்தத் துண்டுச் சீட்டைக் கொடுத்து அனுப்புகிறேன். நீ கண் விழித்து இட்லி கேட்டாய் என்று சொன்னார்கள். ஹாலில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

நேற்று அந்தக் கதவு மூடினதிலிருந்து இதே நாற்காலிதான். பாப்பாவும் ரேவதியும் மாறி மாறி டீ கொண்டு வருகிறார்கள்.

மாமாவுடைய முதல் நாள் ரிப்போர்ட் இப்போது கொடுத்தார்கள். உறை ஒட்டியிருக்கிறது. வெளிச்சத்தில் கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. கொடுத்தவர் முகத்தையும் பார்க்கவில்லை. அப்படியே இந்தச் சீட்டோடு அனுப்புகிறேன். நீ பார்.

தமிழு


(அதே சீட்டின் பின்பக்கம்)

தமிழு,

பிரித்துப் பார்த்தேன். படுத்துக்கொண்டு எழுதுகிறேன், கோணலாக இருக்கும். வலிக்கிறது, தாங்கிக்கொள்கிற வலிதான்.

ஒன்பது மாதமாக ஒரு சொட்டு மூத்திரம் போகாத மனுஷன். நேற்றிலிருந்து நாலரை லிட்டர் போயிருக்கிறதாம். ரத்தம் நன்றாக ஓடுகிறது, அடைப்பு எங்கேயும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

உன் வேலையைப் பார். பச்சைச் சீட்டு கட்டு.

அக்கா